வெளிநாட்டுக் கல்வியாளரோடு ஆய்வுப் பரிமாற்றம்: தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிகளுக்கு முழுமையான வழிகாட்டி

புத்தாக்கம், தொழில்நுட்ப வளர்ச்சி பற்றி ஆய்வு செய்யும் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவரை நம் கல்லூரிக்கு வரவழைக்க வேண்டும். கருத்தரங்கும் களப் பார்வையும் நடத்த வேண்டும். அதிலிருந்து ஒரு கூட்டு ஆய்வு பிறக்க வேண்டும். இதற்கு எதை முதலில், எதை அப்புறம் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பர்கூரோ செட்டிக்கரையோ ஓசூரோ, எந்தக் கல்லூரியின் துறைக்கும் இது பொருந்தும்.

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். முதலில் தேதி குறிக்கிறார்கள், உடனே அழைப்பிதழ் அடிக்கிறார்கள், பிறகு ஆளைத் தேடுகிறார்கள், விசாவைக் கடைசி மாதத்தில் யோசிக்கிறார்கள். என்ன கேட்கப் போகிறோம் என்ற கேள்வி அந்தப் பட்டியலிலேயே இருப்பதில்லை. கேள்வி முதலில் வர வேண்டும், அழைப்பிதழ் கடைசியை ஒட்டி வர வேண்டும். ஒன்பது மாதம் கையில் இருந்தால் பதறாமல் செய்யலாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல்வரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் முதலில் வேண்டும். வாய்மொழியாக "பண்ணுங்க சார்" என்றது போதாது. பின்னால் வரும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் நிறுவனத் தலைவரின் கையெழுத்துதான் செல்லும். முதல்வர் இடையில் மாறினாலும் கோப்பில் ஒப்புதல் இருந்தால் வேலை நிற்காது.

இரண்டாவது, பொறுப்பாளர் ஒருவர். குழு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வெளிநாட்டவருக்கு எழுதுவது ஒரே ஆள், ஒரே மின்னஞ்சல் முகவரி. மூன்று பேர் தனித்தனியாக எழுதி மூன்று தேதி சொன்னால், அவர் மரியாதையாக விலகிக்கொள்வார். அந்த முகவரி கல்லூரியின் பெயரில் இருப்பது நல்லது. தனிப்பட்ட ஜிமெயிலில் இருந்து போகும் அழைப்பை, போலி மாநாட்டு மடல் என்று நினைத்து அழித்துவிடுபவர்கள் நிறைய.

அப்புறம் கல்லூரி இணையதளத்தின் ஆங்கிலப் பக்கம். ஆசிரியர் பட்டியல் ஐந்து வருடப் பழையது என்றால் அதை முதலில் சரி செய்யுங்கள். கடிதம் கிடைத்தவுடன் அவர் தேடிப் பார்க்கப்போவது அதைத்தான். எழுதும் ஆசிரியருக்கு ஆர்கிட் எண் (ஆய்வாளரைத் தனியாக அடையாளம் காட்டும் எண்) இல்லையென்றால் அன்றைக்கே எடுத்துவிடலாம், இலவசம்.

2. கேள்வியை மாவட்டத்திலிருந்து எடுங்கள்

எல்லாம் நிற்பதும் விழுவதும் இந்தப் படியில்தான். அதனால் இதற்கு ஒரு மாதம் செலவழித்தாலும் தவறில்லை.

"இந்தியாவில் புத்தாக்கம்: சவால்களும் வாய்ப்புகளும்" என்று தலைப்பு வைத்தால் யாரும் வர மாட்டார்கள், வந்தாலும் பொதுவாகப் பேசிவிட்டுப் போவார்கள். ஆராய்ச்சி, மேம்பாட்டுக்கு இந்தியா மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.64 சதவீதம்தான் செலவழிக்கிறது, தென் கொரியா 5 சதவீதத்தை ஒட்டிச் செலவழிக்கிறது என்பது அவருக்குத் தெரியும். உலகப் புத்தாக்கக் குறியீட்டில் 2015-ல் 81-வது இடத்தில் இருந்த இந்தியா 2024-ல் 39-வது இடத்துக்கு வந்ததும் தெரியும். ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பட்டறையில் என்ன நடக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியாது. நம்மிடம் இருக்கும் சரக்கு அதுதான்.

நம் இரண்டு மாவட்டங்களில் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஓசூரில் டிவிஎஸ், அசோக் லேலண்ட் போன்ற ஆலைகளை நம்பி வளர்ந்த சிறு உதிரிபாகத் தொழில்கள் உண்டு. அதே ஓசூரில் ஏத்தர் மின்சார ஸ்கூட்டர் செய்கிறது, போச்சம்பள்ளியில் ஓலா எலக்ட்ரிக்கின் ஆலை நிற்கிறது. மின்சார வண்டியில் எஞ்சினே கிடையாது என்றால், எஞ்சினுக்குப் பாகம் கடைந்து தருபவர் புதிய தொழில்நுட்பத்தை எங்கிருந்து கற்கிறார்? பெரிய ஆலையிடமிருந்தா, இயந்திரம் விற்பவரிடமிருந்தா, வேலையை விட்டு வந்த ஃபோர்மேனிடமிருந்தா? இது நல்ல கேள்வி.

தருமபுரி பக்கம் நிலத்தடி நீரில், அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளூரைடு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீரே இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. வீட்டிலேயே படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுத் தெளிய வைக்கும் நல்கொண்டா முறை 1970-களிலேயே இருந்தது. கடைசியில் இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் பெரிய தீர்வாக வந்தது, ஜப்பானிய நிதியுதவியுடன் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். வீட்டளவுத் தொழில்நுட்பம் ஏன் சில ஊர்களில் நிலைக்காமல் போகிறது, பெரிய குழாய்த் திட்டம் வந்த பிறகும் எந்த வீடுகள் போர் தண்ணீருக்குத் திரும்புகின்றன என்பது உலகம் முழுக்கக் கேட்கப்படும் கேள்வி.

மூன்றாவது, கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகள். வருடத்தில் சில மாதங்களே ஓடும் ஆலை, புதிய இயந்திரத்தில் பணம் போடத் துணிவது எப்படி? பாலக்கோடு தக்காளிக்கும் இதே போல ஒரு கேள்வி எழுதலாம்.

கேள்வி ஒரே வாக்கியத்தில் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் அது இன்னும் கேள்வியாகவில்லை, தலைப்பாகவே இருக்கிறது.

3. கடிதத்துக்கு முன்னால் கொஞ்சம் தரவு சேருங்கள்

வெறும் கையோடு "கூட்டு ஆய்வு செய்யலாம்" என்று எழுதினால், எல்லா வேலையும் தன் தலையில் விழும் என்று அவர் நினைப்பார். பத்துப் பதினைந்து தொழிற்கூடங்களில் பேசி எழுதிய நான்கு பக்கக் குறிப்பு இருந்தால் பேச்சே மாறிவிடும்.

மாவட்டத் தொழில் மையத்துக்கு முதல்வர் கடிதத்தோடு போங்கள். ஓசூர் என்றால் சிறு, குறுந்தொழில் சங்கமான ஹோஸ்டியாவைப் பாருங்கள். விவசாயக் கேள்விக்குப் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையமும் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. காப்புரிமை விவரத்தை இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடல் பக்கத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம்.

மாணவர்களை நேர்காணலுக்கு அனுப்பும் முன் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் அடித்துக் கொடுங்கள். ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னடத்திலும் வேண்டியிருக்கும். பட்டறை முதலாளியின் ஒப்புதல் இல்லாத தரவை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு தொடவே விடாது. பின்னால் போய் வாங்கலாம் என்று விட்டால், அதற்குள் பாதிப் பேர் மனம் மாறியிருப்பார்கள்.

4. சரியான ஆளைத் தேடுவது

புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. நம்மைப் போன்ற சிக்கல் எந்த ஊரில் இருக்கிறது என்று தேடுங்கள்.

ஃப்ளூரைடு என்றால் கென்யா, எத்தியோப்பியா, தான்சானியா. கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கு முழுக்க இதே பிரச்சினை. கென்யாவின் நக்குருவில் எலும்புக்கரி வடிகட்டியை வைத்து வேலை செய்திருக்கிறார்கள். அங்கிருக்கும் ஆய்வாளருக்கு நம் ஊர் தண்ணீர்க் குடத்தைப் பற்றி விளக்க வேண்டியதே இல்லை. எஞ்சின் பாகம் என்றால் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் வட்டாரமும் தாய்லாந்தும் இதே மாற்றத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. மாம்பழத்துக்கு மெக்சிகோ, பிலிப்பைன்ஸ்.

புத்தாக்க அமைப்புகளை ஆராய்பவர்களுக்கு குளோபெலிக்ஸ் என்ற உலக வலையமைப்பு இருக்கிறது. அதன் மாநாடு 2006-ல் திருவனந்தபுரத்தில் நடந்தது. இந்தியக் கிளையாக இந்தியாலிக்ஸ் இயங்குகிறது. அந்த மாநாடுகளின் கட்டுரைப் பட்டியலைப் பார்த்தாலே யார் எதில் வேலை செய்கிறார்கள் என்று புரியும். பெரிய பேராசிரியரை விட, முனைவர் பட்டம் முடித்து நான்கைந்து வருடம் ஆன ஆய்வாளர் நமக்கு ஏற்றவர் என்பது என் தீர்மானமான கருத்து. அவருக்குக் களம் வேண்டும், நேரமும் இருக்கும், பதிலும் எழுதுவார்.

5. முதல் கடிதம்

ஒரு பக்கம் தாண்டக் கூடாது. முதல் பத்தியில் அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தோம், அதில் எது நம் கேள்வியைத் தொடுகிறது என்று எழுதுங்கள். இரண்டாவதில் நம் கேள்வியும் சேர்த்த தரவும். மூன்றாவதில் நாம் கேட்பது: ஒரு மணி நேர இணையவழி உரையாடல், அவ்வளவுதான்.

கல்லூரியின் பெருமை, தாளாளரின் பட்டங்கள், "உங்கள் மேலான வருகையால் எங்கள் வளாகம் பெருமையடையும்" எல்லாம் வேண்டாம். முதல் கடிதத்திலேயே புரிந்துணர்வு ஒப்பந்தத்தை இணைப்பதும் வேண்டாம். ஒப்பந்தம் என்றவுடன் அது அவர் பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவுக்குப் போய்விடும், அங்கிருந்து மாதக்கணக்கில் வெளியே வராது.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல். அதற்கும் இல்லையென்றால் அடுத்த ஆள்.

6. நேரில் அழைக்கும் முன் இணையவழி அமர்வு

ஒரு அமர்வு நடந்தால், இவரோடு ஒத்துப்போகுமா என்று இரு பக்கமும் தெரிந்துவிடும். பணம் செலவழித்த பிறகு தெரிந்துகொள்வதை விட இது மேல்.

நேரக் கணக்கில் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். கொரியா, ஜப்பான் நம்மை விட மூன்றரை மணி முன்னால், அது வருடம் முழுக்க மாறாது. ஜெர்மனி கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி பின்னால். அமெரிக்காவிலும் கடிகாரம் மாறும், ஆனால் ஐரோப்பா மாற்றும் அதே வாரத்தில் அல்ல. மார்ச், அக்டோபர், நவம்பரில் கூட்டம் வைத்தால் இரண்டு ஊர் நேரத்தையும் கடிதத்திலேயே எழுதுங்கள்.

மாணவர்களை வெறும் பார்வையாளர்களாக உட்கார வைக்காதீர்கள். நேர்காணலுக்குப் போன மாணவி தான் பார்த்ததை ஐந்து நிமிடம் சொல்லட்டும். ஆங்கிலம் திக்கினாலும் பரவாயில்லை. களத்துக்குப் போய் வந்தவர் பேசினால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

7. பணம்

யார் எதற்குக் கொடுக்கிறார்கள் என்பதை நான்கு வரியில் எழுதிவிடுங்கள்: விமானம், தங்குமிடம், உள்ளூர்ப் போக்குவரத்து, மதிப்பூதியம்.

வெளிநாட்டு அறிஞர்களை வரவழைத்துக் குறுகிய கால வகுப்பு நடத்தும் மத்திய அரசின் ஜியான் திட்டம் 2015-லிருந்தும், வெளிநாட்டு நிறுவனங்களோடு கூட்டு ஆய்வுக்கான ஸ்பார்க் திட்டம் 2018-லிருந்தும் இருக்கின்றன. இவை தரவரிசை, நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசியக் குழு) மதிப்பீடு போன்ற தகுதிகளைக் கேட்கும். நம் கல்லூரிக்குப் பொருந்துமா என்று அறிவிப்பின் தகுதிப் பகுதியை முதலில் படியுங்கள். பொருந்தாவிட்டாலும் ஒரு வழி உண்டு: பெரிய நிறுவனங்கள் நடத்தும் ஜியான் வகுப்புகளில் நம் ஆசிரியர்கள் பங்கேற்பாளராகச் சேரலாம். சமூக அறிவியல் தலைப்பென்றால் இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவான ஐசிஎஸ்எஸ்ஆரின் கருத்தரங்க நிதிக்கு விண்ணப்பிக்கலாம்.

வெளிநாட்டில் வாழ்பவருக்கு மதிப்பூதியம் கொடுத்தால் வரிப் பிடித்தம் வேறு கணக்கு. உள்ளூர்ப் பேச்சாளருக்குப் பிடிக்கும் 10 சதவீதத்தை அப்படியே போடக் கூடாது. அவர் நாட்டோடு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருந்தால், அங்கே வரி கட்டுபவர் என்ற சான்றிதழை முன்னாலேயே வாங்கி ஆடிட்டரிடம் காட்டுங்கள். என்னைக் கேட்டால் பயணம், தங்குமிடத்தோடு நிறுத்திக்கொள்வது நிம்மதி.

எதிர்ப்பக்கப் பல்கலைக்கழகம் கல்லூரி டிரஸ்ட் கணக்கில் பணம் போட முன்வந்தால், சந்தோஷத்தில் உடனே கணக்கு எண்ணை அனுப்பிவிடாதீர்கள். அது வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்துக்குள் வரலாம். பதிவு இல்லாமல் வாங்குவது குற்றம், பதிவு இருந்தாலும் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் இருக்கும் அதற்கான கணக்கில்தான் வர வேண்டும். அவர்களே தங்கள் ஆளுக்கு நேரடியாக டிக்கெட் எடுத்துக்கொள்ளட்டும்.

8. அனுமதியும் விசாவும்

சுற்றுலா விசாவில் வந்து கருத்தரங்கில் பேசிவிட்டுப் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பேச்சாளராக வருபவருக்கு மாநாட்டு விசா வேண்டும். சிக்கல் வந்தால் மாட்டிக்கொள்வது விருந்தினர்.

வரிசை இப்படி. முதலில் வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதிக்கு, அதாவது இந்த நிகழ்ச்சிக்கு வெளியுறவு நோக்கில் ஆட்சேபம் இல்லை என்ற ஒப்புதலுக்கு விண்ணப்பியுங்கள். பங்கேற்பவர் எந்த நாட்டவர், பொருள் என்ன என்பதைப் பொறுத்து உள்துறை அமைச்சகத்தின் நிகழ்ச்சி அனுமதியும் தேவைப்படும். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் போன்ற நாட்டவர் பட்டியலில் இருந்தால் இது கட்டாயம். நமக்குத் தேவையா இல்லையா என்று ஊகிக்காமல் உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கும் நெறிமுறையைப் படித்துவிட்டு, பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று நான்கு மாதம் முன்பே கொடுப்பது பாதுகாப்பு.

அனுமதி வந்த பிறகு அழைப்புக் கடிதம். பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயர், பாஸ்போர்ட் எண், நிகழ்ச்சியின் பெயர், தேதி, இடம், செலவு யாருடையது ஆகியவை அதில் இருக்க வேண்டும். அனுமதி விண்ணப்பத்தில் ஒரு தலைப்பும் கடிதத்தில் வேறு தலைப்பும் இருந்தால் அங்கேயே நிற்கும். பெயர் எழுத்துகளை பாஸ்போர்ட் நகலோடு ஒப்பிட்டு இரண்டு பேர் சரிபாருங்கள்.

விசாவுக்கு விண்ணப்பிப்பது அவர்தான். கடிதமும் அனுமதி நகல்களும் நம் பொறுப்பு. இ-மாநாட்டு விசா ஒருமுறை நுழைவதற்கானது. வழியில் இலங்கை போய்த் திரும்பலாம் என்று அவர் திட்டம் போட்டிருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

வந்து இறங்கிய 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் தங்கியிருக்கும் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். ஓட்டலில் தங்கினால் ஓட்டல் செய்யும். கல்லூரி விருந்தினர் இல்லத்தில் தங்கவைத்தால் அந்தக் கடமை கல்லூரிக்கு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

9. இப்போதுதான் அழைப்பிதழ்

விசா கைக்கு வந்த பிறகே வெளிநாட்டவர் பெயரோடு அச்சடியுங்கள். அதுவரை இணையத்தில் தலைப்பும் தேதியும் போதும்.

கட்டுரை வெளியீடு பற்றி உறுதி இல்லாத எதையும் போடாதீர்கள். "ஸ்கோபஸ் (உலகளாவிய ஆய்விதழ்த் தரவுத்தளம்) வெளியீடு உறுதி" என்று எந்தக் கருத்தரங்கும் சொல்ல முடியாது, மதிப்பீட்டுக்குப் பிறகுதான் எதுவும். பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற ஆய்விதழ்களைக் காட்டிய யுஜிசி கேர் பட்டியல் 2025-ல் கைவிடப்பட்டுவிட்டது. இன்னும் சில அழைப்பிதழ்களில் அந்தப் பெயர் வருவதைப் பார்க்கிறேன். வெளிநாட்டு விருந்தினர் இதையெல்லாம் படிப்பார், நம்மைப் பற்றி ஒரு முடிவுக்கும் வருவார்.

10. பயணமும் களப் பார்வையும்

பெங்களூரு விமான நிலையம் நகருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. நாம் இருப்பது தெற்கே. முழு நகரத்தையும் கடந்து அத்திப்பள்ளி வழியாக வர வேண்டும். மாலை ஆறு மணிக்கு இறங்கும் விமானம் என்றால், அன்றிரவு ஓசூரிலேயே தங்கவைத்துவிட்டுக் காலையில் கிருஷ்ணகிரிக்கோ தருமபுரிக்கோ அழைத்து வருவது நல்லது. நெடும்பயணம் செய்தவரை இறங்கிய அன்றே மேடையேற்றக் கூடாது.

களப் பார்வையைக் கருத்தரங்குக்கு முந்தைய நாள் வையுங்கள். எல்லாரும் கடைசி நாளில், ஒகேனக்கல் சுற்றுலாவோடு சேர்த்து வைக்கிறார்கள். முந்தைய நாளே பார்த்துவிட்டால் மறுநாள் அவர் பேசுவதெல்லாம் நம் ஊரைத் தொட்டே இருக்கும்.

ஒரு நாளில் இரண்டு இடம் போதும். ஓசூரில் ஒரு பட்டறையில், கூலன்ட் எண்ணெய் வடிந்துகொண்டிருந்த தட்டிலிருந்து எஞ்சின் பாகமான வால்வு கைடு ஒன்றை எடுத்து, துணியில் துடைத்து, விருந்தினர் உள்ளங்கையில் வைத்தார் முதலாளி. "கரன்ட் வண்டியில இது கிடையாதுங்க சார். இன்னும் எத்தன வருசம் இத ஓட்டலாம்னு உங்க ஊர்ல என்ன பேசிக்கிறாங்க?" என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னதும் விருந்தினர் நோட்டைத் திறந்தார். முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே பேசினார்கள். மூன்றாவது இடத்துக்கு அவசரம் காட்டியிருந்தால் அந்த உரையாடல் நடந்திருக்காது.

மொழிபெயர்க்கப் போகும் மாணவரை முந்தைய வாரமே அந்தப் பட்டறைக்கு அனுப்புங்கள். கடைசல், துளையிடல், அளவுத் தவறு எல்லாவற்றுக்கும் அங்கே சொல்லும் சொற்கள் வகுப்பறையில் இருப்பதில்லை.

புகைப்படத்துக்கு முன்பே அனுமதி கேளுங்கள். பெரிய ஆலையின் வரைபடமும் பாகமும் மேசையில் கிடக்கும், அதைப் படமெடுத்தால் பட்டறைக்காரருக்கு ஆர்டரே போய்விடலாம். ஃப்ளூரைடு பாதித்த ஊர்களுக்குப் போனால் குழந்தைகளின் பல்லைப் படமெடுக்க விடாதீர்கள். ஆய்வுக்குத் தேவைப்பட்டால் அது நெறிமுறை அனுமதியோடும் பெற்றோர் ஒப்புதலோடும் தனியாக நடக்க வேண்டிய வேலை. பஞ்சாயத்துத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, குழாய் நீர் வரும் நேரத்துக்குப் போங்கள். எந்தக் குடத்தில் காவிரித் தண்ணீர், எதில் போர் தண்ணீர் என்று பெண்கள் காட்டும்போதுதான் விஷயம் புரியும்.

11. கருத்தரங்க நாள்

குத்துவிளக்கு, வரவேற்பு, பொன்னாடை எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். அதற்கு மேல் போனால் விவாத நேரம்தான் குறையும். இரண்டு பட்டறைக்காரர்களையும் மாவட்டத் தொழில் மைய அதிகாரி ஒருவரையும் மேடையில் அமர்த்தித் தமிழில் பேசவிடுங்கள். விருந்தினர் பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர் உட்காரட்டும். கட்டுரைகளை மாணவர்கள் வரிசையாக வாசிப்பதை விட, ஐந்தாறு கட்டுரையை முன்பே அவருக்கு அனுப்பி அவர் கருத்துச் சொல்வது பயன் தரும்.

12. விருந்தினர் கிளம்பிய பிறகு

முதல் வாரத்தில் மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். ஒன்று, அடுத்து யார் என்ன எழுதுவது, தரவு யாரிடம் இருக்கும், கட்டுரையில் பெயர் வரிசை என்ன என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி இரு தரப்பும் மின்னஞ்சலில் ஒத்துக்கொள்ள வேண்டும். பெயர் வரிசையைப் பேசக் கூச்சப்பட்டால், கட்டுரை முடியும்போது சண்டையாகும். களத்துக்குப் போன மாணவர்களின் பெயரும் அதில் இருக்கட்டும்.

இரண்டு, செலவுக் கணக்கும் நிதிப் பயன்பாட்டுச் சான்றும். விமான அட்டைத் துண்டை (போர்டிங் பாஸ்) விருந்தினரிடம் கேட்டு வாங்க மறந்துவிட்டு, பிறகு மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. கிளம்பும் முன் பயணச் சீட்டு, விசா பக்கம், அட்டைத் துண்டு மூன்றையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். திரும்பும் அட்டைத் துண்டை ஊர் போனதும் அனுப்பச் சொல்லுங்கள்.

மூன்று, பேசிய பட்டறைக்காரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் தமிழில் இரண்டு பக்கம். என்ன பார்த்தோம், விருந்தினர் ஊரில் இதே சிக்கலை எப்படிக் கையாள்கிறார்கள் என்று எளிமையாக எழுதி நேரில் கொடுங்கள். நேரம் கொடுத்தவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் இது. அடுத்த முறை மாணவர்கள் போய் நிற்கும்போது கதவு திறப்பதும் இதை வைத்துத்தான்.

புரிந்துணர்வு ஒப்பந்தத்துக்கு இதற்குப் பிறகுதான் நேரம். ஒரு கட்டுரையின் வரைவாவது இரு பக்கமும் போய் வந்திருந்தால், ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது என்று தானாகவே தெரியும். அழைப்பு திரும்பி வந்து நம் ஆசிரியர் அங்கே போவதாக இருந்தால், அரசுக் கல்லூரி ஆசிரியர் தடையில்லாச் சான்றுக்கு இயக்குநரகத்துக்கு உடனே எழுத வேண்டும். அங்கே தங்குமிடச் செலவை வெளிநாட்டு நிறுவனம் ஏற்கிறது என்றால், வெளிநாட்டு விருந்தோம்பலுக்கான முன்அனுமதி தனக்குத் தேவையா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம்.